சொன்னது சொன்னதுதான்

அருள்செல்வி ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடப் போனது விளையாடுவதற்காக அல்ல. அது அவளுக்கும் அவளுடைய அப்பா இருதயசாமிக்கும் மட்டும்தான் தெரியும். முப்பத்திரண்டு வயது கணக்கு டீச்சர், கலியாணம் ஆகாதவள், காலைப் பூசையும் மதியச் சாப்பாடும் முடிந்த கையோடு திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் பஞ்சநதம் உரக்கடை மாடிக்கு ஏறிப் போய், தன்னைவிடச் சின்னப் பையன்களோடு சம்மணம் போட்டுப் பகடை உருட்டுகிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? பேசியது. பேசிவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். தம்பி ஆண்டனி எப்படிச் செத்தான் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

ஆண்டனி செத்து இரண்டு வருஷம் ஆகிறது. கல்லணையில் ஷட்டரைத் தூக்கிய மறுநாள் அது. காவிரியில் புதுத்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. புதுத்தண்ணீர் என்றால் ஆளை அடித்துக்கொண்டு போகிற வெள்ளம் என்று நினைத்துவிட வேண்டாம். நுரையும் சருகுமாக, காய்ந்த மணலை நக்கிக்கொண்டு, நடக்கப் பழகுகிற குழந்தையின் வேகத்தில்தான் வரும். அதற்கு முன்னால் நடப்பது இந்தப் பக்கத்து இளவட்டங்களுக்கு ஒரு விளையாட்டு. தண்ணீருக்கு முதுகு காட்டக் கூடாது. முகத்தை அதற்குக் காட்டியபடி பின்பக்கமாகவே நடக்க வேண்டும், கால் நனைந்தவன் தோற்றான். ஆற்றில் மணல் இருந்தவரைக்கும் இதனால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இப்போது ஆறு முழுக்க மணல் அள்ளிய குழிகள். ஆண்டனி பின்பக்கமாகவே நடந்து போய் இரண்டாள் ஆழக் குழி ஒன்றில் மல்லாக்க விழுந்தான். அவன் மேல் தண்ணீர் விழுந்தது, பிறகு குழியின் ஓரம் சரிந்து மணலும் விழுந்தது.

கூட இருந்தவர்கள் இரண்டு பேர். உரக்கடைக்காரர் மகன் பரிதி ஒருவன். ஆண்டனியோடு கல்லூரியில் படித்த ஜாஹித் இன்னொருவன். கூத்தாநல்லூர்க்காரன், தஞ்சாவூரில் செல்போன் கடை வைத்திருந்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். டீ குடிக்கக் கரையேறினோம், திரும்பி வந்து பார்த்தால் ஆளைக் காணோம். போலீசும் அப்படியே எழுதிக்கொண்டு போனது.

அருள்செல்வி அதை நம்பியிருப்பாள், கண்ணாடி மட்டும் இல்லையென்றால். மறுநாள் ஜாஹித் வந்து ஆண்டனியின் மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தான். மணலில் கிடந்தது என்றான். கைக்குட்டையில் மடித்து வைத்திருந்தான். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, ஒரு மணல் துகள் இல்லை. அது இல்லாமல் ஆண்டனிக்கு முற்றத்தின் அந்தப் பக்கம் நிற்கிற அப்பாவைக்கூட அடையாளம் தெரியாது. தாயில்லாப் பிள்ளையை எட்டு வயதிலிருந்து வளர்த்தவள் அவள். தூங்கும்போதுகூட கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் தூங்குவான், கீழே வைக்க மாட்டான். அன்றைக்கும் யார் கையிலோ கொடுத்திருக்கிறான். கொடுத்தவனுக்குப் பக்கத்தில் வாங்கினவன் இருந்திருக்கிறான். அப்படியானால் டீ குடிக்கப் போனது யார்?

நேராகவே கேட்டுப் பார்த்தாள். பரிதி தரையைப் பார்த்தான். ஜாஹித் அழுதான். அழுகிறவனிடம் எத்தனை தரம் கேட்பது? முதல் வருஷப் பூசை முடிந்த வாரம், உரக்கடை மாடிக்கு ஏறிப் போய், "ஆண்டனி உக்காந்த எடத்துல நான் உக்காரட்டுமா?" என்றாள். செத்தவனின் அக்காவை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் கேட்டாள்.

அந்த விளையாட்டை இந்த ஊருக்குக் கொண்டுவந்ததே ஆண்டனிதான். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவன் கதை சொல்லுவான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்லுகிறவனுக்கு மாஸ்டர் என்று பெயர். ஆண்டனி போன பிறகு மாஸ்டர் நாற்காலியில் பரிதி உட்கார்ந்துவிட்டான். நாற்காலி என்றால் நாற்காலி இல்லை, கவிழ்த்துப் போட்ட பூச்சிமருந்துப் பெட்டி.

அவர்கள் விளையாடிய ரூல்ஸில் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும். மற்றவர்கள் தட்டலாம், உதைக்கலாம், திறந்தால் என்ன தெரியும் என்று சொல்வது அவன் வாய். மாதக்கணக்கில் அவள் தட்டிப் பார்த்தாள். கதையை ஆற்றுப் பக்கம் இழுத்தால் பரிதி காட்டுப் பக்கம் திருப்பினான். ஒருவன் நீரில் விழுந்தான் என்று அவள் ஆரம்பித்தால் ஒரு டிராகன் வந்து இறங்கியது. எத்தனை டிராகன்! எல்லா மதகுச் சாவியும் ஒருத்தன் இடுப்பில் தொங்கினால் கடைமடைக்குத் தண்ணீர் எப்படி வரும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

சாவியைப் பிடுங்க வேண்டும் என்று முடிவு செய்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, உலகத்தில் இந்த விளையாட்டுக்கு எத்தனை விதமான ரூல்ஸ் இருக்கிறதோ அத்தனையும் படித்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற அதே கவனத்தோடு படித்தாள். எதில் யாருக்கு எவ்வளவு வாய், அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. கண்டுபிடித்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியில் வைத்து அவிழ்த்தாள். பகடையில் ஜெயித்தவனே நடந்ததைச் சொல்லலாம் என்று ஒரு விதம் இருந்தது. அதைச் சில வாரம் ஆடினார்கள். பிரயோஜனம் இல்லை. ஜெயித்த ஜாஹித் தன் பாத்திரத்துக்கு அரண்மனையும் பிரியாணியும் வரவழைத்துக்கொண்டு திருப்தியாக இருந்துவிட்டான்.

அடுத்ததைத்தான் அவள் கடைசிவரை கையில் வைத்திருந்தாள். அதில் மாஸ்டரே கிடையாது. முறை வந்தவர் கேள்வி கேட்கலாம், யாரைக் கேட்கிறாரோ அவர் பதில் சொல்ல வேண்டும். சொன்ன பதில் கதையில் நடந்ததாக ஆகிவிடும். சொன்னது சொன்னதுதான், யாரும் அதை இல்லையென்று சொல்லக் கூடாது, மேலே சேர்க்கத்தான் செய்யலாம். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. ஒன்றைக் கீழே வைத்தால் கேள்வியிலிருந்து தப்பிக்கலாம், அல்லது அடுத்தவர் வாயிலிருக்கும் கதையைத் தன் வாய்க்கோ இன்னொருவர் வாய்க்கோ மாற்றலாம். கொட்டை தீர்ந்தால் ஓட இடமில்லை.

அப்போது ஷமீராவும் வந்துகொண்டிருந்தாள். ஜாஹித்தின் புது மனைவி. ஆண்டனி சாவு பற்றி அவளுக்கு ஊர் சொன்னது மட்டும்தான் தெரியும். அவளைக் கூட்டிவரச் சொல்லி நச்சரித்தவள் அருள்செல்விதான். பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஜாஹித்தால் பாதியில் எழுந்து ஓட முடியாது என்பது அவள் கணக்கு. அந்தப் பெண்ணுக்கு ஐந்து மாதம். மடியில் மாங்காய்த் துண்டுகளை வைத்துக்கொண்டு ரூல்ஸைக் கேட்டவள், "அக்கா, ஒரு டவுட்டு" என்றாள்.

"கேளும்மா."

"மாஸ்டர் இருக்கிற ஆட்டத்துல உண்மைன்னு ஒண்ணு அவர்கிட்ட முன்னாடியே இருக்கு. நாம தேடிக் கண்டுபுடிக்கிறோம். இதுல அப்படி ஒண்ணுமே இல்லியே? கேட்டா அப்பத்தான் உண்டாவுது. அப்ப இதுல என்னத்தக்கா கண்டுபுடிக்கிறது?"

"ஆடிப் பாத்தா தெரியும்" என்று சொல்லி அருள்செல்வி பேச்சை முடித்துவிட்டாள். அவள் அந்த ஒரு கேள்வியை மட்டும் நின்று யோசித்திருக்கலாம். வேட்டைக்குப் போகிற அவசரத்தில் யார் யோசிக்கிறார்கள்?

ஜாஹித்துக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. விசா வந்துவிட்டது, ஷமீராவைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் விட்டுவிட்டு அந்த வாரமே கிளம்புகிறான். அவனுக்கு அதுதான் கடைசி ஞாயிறு. ஆற்றில் மறுபடியும் புதுத்தண்ணீர் வந்திருந்தது. குறுவைக்கு உரம் எடுக்க வந்த டிராக்டர்கள் கீழே கடை வாசலில் நின்றன. மாடி முழுக்க யூரியா வாடையும் வேப்பம்புண்ணாக்கு வாடையும். பரிதி டீ வாங்கி வைத்திருந்தான். இன்றைக்கு விட்டால் இனி கிடையாது என்று அருள்செல்வி காலையில் கோயிலில் முட்டிபோட்டபோதே நினைத்துக்கொண்டு வந்தாள். ஜெபமெல்லாம் சொல்லவில்லை.

கதை ஒரு வறண்ட ஆற்றங்கரை ஊரில் நடந்தது. ஜாஹித்தின் பாத்திரம் ஒரு கிழச் சிப்பாய், பரிதியினுடையது வண்டிக்கார வியாபாரி, ஷமீரா திருடி, அருள்செல்வி மதகுக் காவல்காரி. ஆரம்பத்திலிருந்தே அவள் ஜாஹித்தை மட்டும் கேட்டாள். கிழவன் ஏன் தூங்குவதில்லை? கிழவனுக்கு யார் மேல் பயம்? அவன் பையில் என்ன ஒளித்து வைத்திருக்கிறான்? ஒவ்வொன்றுக்கும் ஜாஹித் சிரித்துக்கொண்டே ஒரு கொட்டையைக் கீழே வைத்துத் தப்பினான். மூன்றாவதை வைக்கும்போது சிரிப்பு இல்லை. கோழியைக் கூடைக்குள் விரட்டுகிற மாதிரி விரட்டி முடித்திருந்தாள். அதற்காக அவளும் தன் கொட்டைகளில் இரண்டைச் செலவு செய்திருந்தாள். அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. ஜாஹித்தின் நெற்றி வியர்த்ததைப் பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது. உள்ளபடியே நன்றாக இருந்தது.

மறுபடியும் அவள் முறை வந்தது.

"ஆத்துல ஒரு குழி. குழியில ஒரு பையன் செத்துக் கெடக்கறான்" என்றாள். "புதுத்தண்ணிக்கு முன்னால நடந்த பையன். அவன் விழுந்தப்ப கெழவன் அங்கதான் இருந்தான். ஜாஹித், கெழவன் என்ன பாத்தான்?"

கீழே டிராக்டர் ஒன்று கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. பரிதி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். புரிந்துவிட்டது அவனுக்கு. புரியட்டும் என்றுதான் அவளும் பார்த்தாள்.

"அக்கா, இது வேணாங்கக்கா" என்றான் ஜாஹித்.

"வேணாம்னா கொட்டையை வை."

"இல்லியே."

"அப்ப சொல்லு."

ஷமீரா அவன் முழங்காலைத் தட்டினாள். "கதைதானே? சொல்லுங்களேன். நல்லாத்தானே போவுது" என்றாள். ஒரு மாங்காய்த் துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான்.

"கெழவன்…" என்று ஆரம்பித்தான். "கெழவனும் இன்னொரு ஆளும் கரையில இருந்தாங்க. அந்தப் பையனுக்குக் கண்ணு சரியா தெரியாது. கண்ணாடிய வாங்கி வச்சுக்கிட்டு… கண்ணு தெரியாம நடந்து காட்டுடான்னு சொன்னது. பந்தயம். நாங்க கரையில இருந்து வழி சொல்றதா பேச்சு. இடது, வலதுன்னு. நாங்க சும்மா, வெளையாட்டுக்கு, மாத்தி…"

'நாங்க' என்று அவன் சொன்னது அவனுக்கே தெரியவில்லை. அருள்செல்விக்குத் தெரிந்தது. இரண்டு வருஷம். ஆயிரம் டிராகன். கடைசியில் இதோ அவன் வாயில் நிற்கிறது, நாக்கு நுனியில் நிற்கிறது. மாற்றிச் சொன்னீர்களா? குழிப் பக்கம் போகச் சொன்னீர்களா?

டக்கென்று சத்தம் கேட்டது. பரிதி ஒரு புளியங்கொட்டையைத் தரையில் வைத்திருந்தான்.

"மிச்சத்த நான் சொல்றேன்" என்றான்.

அவனுடைய மூன்று கொட்டையும் அப்படியே இருந்ததை அவள் கவனிக்கவே இல்லை. மத்தியானம் முழுக்க ஒன்றைக்கூட அவன் செலவழிக்கவில்லை. வருஷக்கணக்காக மாஸ்டராக இருந்தவனுக்கு எதை எப்போது எடுக்க வேண்டும் என்று தெரியும்.

"ஜாஹித் சொன்னத நான் இல்லைன்னு சொல்லல. சொல்லக் கூடாது, ரூல்ஸ்" என்றான் பரிதி. சாவகாசமாக டீ கிளாஸை நகர்த்தி வைத்தான். "வழி சொன்னாங்க. இடதுன்னும் சொன்னாங்க, வலதுன்னும் சொன்னாங்க. மாத்தி வெளையாடலாமான்னு பேசிக்கிட்டாங்க, ஆனா மாத்தல. சரியாத்தான் சொன்னாங்க. பையன்தான் கேக்கல. இடதுன்னா வலது போனான். நில்லுடான்னு கத்துனாங்க. அவன் நிக்கல. கெழவனுக்கு அப்பவே சந்தேகம், இவன் ஏன் கண்ணாடிய அவ்வளவு லேசா கழட்டிக் குடுத்தான்னு. பாக்கக் கூடாதுன்னுதான் குடுத்திருக்கான்."

"எதுக்கு?" என்றாள் ஷமீரா. முறைகூட அவளுடையது இல்லை, ஆர்வத்தில் கேட்டுவிட்டாள்.

பரிதி அவளைப் பார்க்கவில்லை. அருள்செல்வியைத்தான் பார்த்தான்.

"பையனுக்கு ஒரு அக்கா. அன்னைக்கு அவளப் பொண்ணு பாக்க வர்றாங்க. இவன் ஆத்துக்குக் கெளம்பறான். வாசல்ல நின்னு அவ சொல்றா, போய்த் தொலை, திரும்பி வராதேன்னு. அது அவன் காதுல கேட்டுக்கிட்டே இருந்துது. இடது வலதெல்லாம் கேக்கல. அதுதான் கேட்டுது."

அருள்செல்விக்கு அந்த வாசல் நினைவுக்கு வந்தது. சொன்னாள். அதே வார்த்தையைத்தான் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் கரந்தையிலிருந்து கிளம்பிவிட்டார்கள் என்று போன் வந்த நேரம். வீட்டில் நாற்காலி எடுத்துப் போட ஆளில்லை, இவன் ஆற்றுக்குப் போகிறேன் என்று சட்டையை மாட்டினான். எரிச்சலில் சொன்னது. அவன் சிரித்துக்கொண்டுதான் படியிறங்கினான். சிரித்துக்கொண்டு போனான் என்றுதான் இத்தனை நாளும் அவள் தனக்குச் சொல்லிவந்தாள். வாசலில் வேறு யாரும் இல்லை. இது பரிதிக்கு எப்படித் தெரியும்? ஆண்டனி சொல்லியிருந்தால்தான் தெரியும். ஆற்றங்கரையில், கண்ணாடியைக் கழற்றும்போது, அக்கா இப்படிச் சொல்லிவிட்டாள் என்று சொல்லியிருக்கிறான். சொல்கிற அளவுக்கு அவன் மனதில் நின்றிருக்கிறது.

"பரிதி" என்றாள். "இது நெசமா?"

"கதையில நெசம்தாங்கக்கா."

"கதையக் கேக்கல."

"நீங்க கொண்டாந்த ரூல்ஸ்தானேக்கா இது? சொன்னது சொன்னதுதான். நான் சொல்லிட்டேன்." பிறகு, குரலில் மரியாதை கொஞ்சமும் குறையாமல் சொன்னான்: "உங்ககிட்ட இன்னும் ஒரு கொட்ட இருக்குங்க. கதைய ஜாஹித் வாய்க்கே திருப்பி விடணும்னா விடலாம்."

விடலாம். ஒரே ஒரு கொட்டை, கையை நீட்டினால் எட்டுகிற தூரம். ஜாஹித் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான், மாங்காய்த் துண்டு இன்னும் கையில் இருந்தது. கேட்டால் சொல்லிவிடுவான். அப்படி அழுகிற ஆள் எதையும் சொல்லிவிடுவான். மாற்றிச் சொன்னோம் என்று சொன்னால் அவர்கள் கொலைகாரர்கள். மாற்றவில்லை, சரியாகத்தான் சொன்னோம் என்று சொன்னால்? அப்போது யார்? இரண்டு வருஷமாக எந்தக் கதவைத் தட்டினாளோ அது திறந்தே கிடந்தது, உள்ளே போக அவளுக்குப் பயமாக இருந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு பயம் அவளுக்கு வந்ததே இல்லை.

அவள் கொட்டையை எடுத்தாள். எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ஏன் இவர் அழறார்?" என்று ஷமீரா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, ஆட்டம் முடியலியே?" என்றாள். அருள்செல்வி படியிறங்கும்போது, பரிதி ஜாஹித்திடம் மூக்கைத் துடைக்கச் சொல்வதும், ஷமீராவிடம், இவன் எப்போதுமே இப்படித்தான், கதைக்கெல்லாம் அழுவான் என்று சொல்வதும் காதில் விழுந்தது. அதற்கு ஷமீரா சிரித்தாள்.

கடைத்தெருவைத் தாண்டுகிறவரைக்கும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பாலத்துக்கு வந்ததும் தோன்றியது. போய்த் தொலை என்று சொல்லாத அக்கா இந்த ஜில்லாவில் உண்டா? பள்ளிக்கூட வாசலில் நின்றால் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் காதில் விழுகிற வார்த்தை. பரிதி குருட்டாம்போக்கில் அடித்துவிட்டிருக்கலாம், அது பொருந்தியிருக்கலாம். ஆனால் பெண் பார்க்க வந்த விஷயம்? அது ஊருக்கே தெரியும். திரும்பி வராதே என்பது? அதுவும் அதோடு சேர்ந்து வருவதுதான். நிஜமாக இருக்கலாம், கட்டியதாக இருக்கலாம். மாஸ்டர் இருந்த பழைய ஆட்டத்தில் பொய் சொன்னால் பொய் என்று ஒன்று இருந்திருக்கும். இவளே தேடிப் பிடித்துக் கொண்டுவந்த ஆட்டத்தில் அதுவும் இல்லை. ஐந்து மாதக் கர்ப்பிணிக்குப் புரிந்தது கணக்கு டீச்சருக்குப் புரியவில்லை.

ஆற்றில் தண்ணீர் கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது. ஒரு குழியும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் இருதயசாமி குழாயடியில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"இன்னைக்காவது வாயத் தொறந்தானுங்களா?"

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். "அப்பா, அன்னைக்கு ஆண்டனி கெளம்பறப்ப நான் அவனத் திட்டினேன். உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கொல்லையிலதானே நின்னேன். கேக்காம?"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டதில்லியே நீங்க."

"கேட்டு என்ன ஆவப்போவுது? போனவன் வரப்போறானா?" ஒரு காலைக் கழுவி முடித்து அடுத்த காலை நீட்டினார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்லலன்னு கேளு."

கோபமாகச் சொல்லவில்லை. நெல் விலை சொல்கிற மாதிரிதான் சொன்னார். "பொணத்தப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். வயிறு எரியுது. வந்தவன் போனவன்கிட்ட எல்லாம் சொன்னேன். அந்த உரக்கடப் பையன் வந்து என் ரெண்டு காலயும் புடிச்சுக்கிட்டு அழறான், மாமா என்ன மன்னிச்சிருங்கன்னு. நான்தான் தூக்கி நிறுத்தினேன். அழாதப்பா, ஒன் மேல ஒண்ணும் இல்ல, அக்காகாரிதான் போய்த் தொலை, திரும்பி வராதேன்னு வாய வச்சு அனுப்பிட்டான்னு சொன்னேன். அப்பறம்தான் அவன் அழுகைய நிறுத்தினான்."

கோயிலில் அவள் போய் உட்கார்ந்தால் பெஞ்சில் பெண்கள் ஏன் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த வரன் ஒன்றுகூட ஏன் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை என்று தெரிந்தது. துக்க வீடு என்பதால் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் நடந்ததைத் தேடிக்கொண்டு மாடி ஏறிய அந்த ஒரு வருஷமும், நடந்தது என்ன என்று ஊர் முடிவு கட்டிவிட்டிருந்தது. கட்டியவர் இவர். வாரா வாரம் வாசலில் நின்று, வாயைத் திறந்தார்களா என்று கேட்டவரும் இவர்தான். அவளுக்கு அவர் மேல் வந்தது வெறுப்புதான். வேறு பெயர் சொல்லி அதை மறைக்க அவள் முயலவில்லை.

"எதுக்கு மன்னிப்புக் கேக்கறேன்னு அவன நீங்க கேக்கலியாப்பா?"

"துக்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க. அதப் போய் யாரு கேப்பா?" அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "சரி, இன்னைக்கு அவனுங்க என்னதான் சொன்னானுங்க?"

"நீங்க சொல்லிக் குடுத்ததத்தாம்ப்பா சொன்னானுங்க."

இருதயசாமி குழாயை மூடினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்தார். பிறகு, "பசிக்குது, சோத்தப் போடு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அவள் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, கையைக் கழுவி, தட்டை எடுத்து வைத்தாள்.